முப்பது மைக்ரான்

நான் கல் தேய்த்தவன். என் பங்கு அவ்வளவுதான்.
இரும்புத் தட்டு, கார்போரண்டம் பொடி, தண்ணீர்,
இருபத்தாறு வருஷம் அதே வட்டம்.
நினேல் ஸ்தெபானவ்னா மலையிலிருந்து சுமந்து வருவதைக்
கண்ணாடியில் ஒட்டி,
அடியில் வைத்த எழுத்து தெரியுமளவு சீவித் தருவேன்.
முப்பது மைக்ரான்.
அதற்குமேல் ஓர் இழுப்பு இழுத்தால்
கல் இருக்காது, கண்ணாடிதான்.

லெனினைத் திருப்பிப் படித்தால் வரும் பெயர் அவளுடையது;
அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்படி வைத்தார்கள்.
"நான் இரட்டைப் படிகம்" என்பாள்,
சிரிக்காமல்.

அபத்தீத்தியில் டிசம்பருக்குச் சூரியன் கிடையாது.
மூன்றாம் மாடியில் அவள் விளக்கு அணைந்தால்
ரயில்வே ஆட்கள் பொழுது சாய்ந்ததென்று சொல்வார்கள்.

கல்லில் நார் உரிக்க முடியாது என்பது வழக்கு.
கிபினியின் கிழக்குச் சரிவில்
நிஜமாகவே நாராகக் கிடந்தது ஒன்று,
தேன் நிறம், நகத்தால் கிள்ளினால் பிரிந்தது.
எடை போட்டு, அமிலத்தில் இட்டு, ஒளி எப்படி முறிகிறதென்று அளந்து,
எந்தப் பட்டியலிலும் இல்லை என்றானதும்
தரஃபேயின் பெயரை வைத்தாள்.
துளை போடுபவன்,
பிப்ரவரிப் பனிச்சரிவில் இயந்திரத்தோடு போனவன்.
தரஃபேயைட்.
ஆறு பக்கக் கட்டுரை. அப்போது அவளுக்கு முப்பத்தொன்று.
அந்த ஆறு பக்கத்தின்மேல்தான்
தனி அறை, புது நுண்ணோக்கி, ஃபின்லாந்துக் கடிதங்கள்.
தரஃபேயின் மனைவி கிளாஃபிரா
முதல் பக்கத்தைச் சட்டமிட்டு அடுப்புக்கு மேலே மாட்டினாள்.
புகை படிந்தது.

பிறகு அவள் செய்ததெல்லாம் கழித்தல்.
மாஸ்கோவில் பெரியவர் ஒருவரின் பெயரைச் சுமந்த கனிமம்
அழுக்கேறிய பழசு என்றாள்.
கூப்பிட்டு அனுப்பினார்கள். போனாள்.
அதே எண்களை இன்னொரு முறை வாசித்துவிட்டு
இரவு ரயிலில் திரும்பினாள்.
கல்மேல் எழுத்து அழியாது என்று யார் சொன்னது?
பொடியும் தண்ணீரும் போதும்.
பதினோரு பெயர்கள்.

பன்னிரண்டாவதற்கு என்னிடம் வந்தாள்.
"பழைய தரஃபேயைட். இன்னும் மெலிதாக."
"மெலிந்தால் போய்விடும்."
"போகட்டும்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.
குறுக்கே வைத்த வடிகட்டிகளுக்கு நடுவில் தட்டைத் திருப்பினாள்.
ஒரு நார் அணைந்தது.
ஒட்டிக்கிடந்த நார் அணையவில்லை.
இன்னும் நான்கு பாகை.
இது அணைந்தது, அது எரிந்தது.
ஏற்கெனவே பெயருள்ள இரண்டு கனிமங்கள்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
இருபது வருஷமாக ஒருவனின் பெயரில் குடியிருந்திருக்கின்றன.

"யாரும் பார்க்கப்போவதில்லை" என்றேன்.
"நீ பார்த்துவிட்டாயே."

இரண்டே பக்கம் எழுதினாள்.
அச்சானதும் பேருந்தில் கிரோவ்ஸ்க் போனோம்.
கிளாஃபிரா மூக்குக்கண்ணாடி இல்லாமல் நெடுநேரம் படித்தாள்.
"இதிலும் அவர் பெயர் இருக்கிறதே."
"நீக்குவதற்காக."
"இருக்கட்டும். இதையும் மாட்டு."
ஆணியை நான்தான் அடித்தேன்.
திரும்பும் வழியில் அவள் பேசவில்லை,
இமாந்திரா ஏரி உறையும் சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகம்,
ஆனால் பேருந்துக்குள் அது எப்படிக் கேட்கும்.

இப்போது அவள் இல்லை.
புதுக் கட்டுரைகளின் அடியில் அவள் பெயரைத் தேடினேன்,
அபூர்வம்.
போன கோடையில் கியூபெக்கிலிருந்து
மாதிரிகள் கேட்டு ஒரு பெண் வந்தாள், பெயர் ஸொலாஞ்ஜ்.
நாராயிருந்த ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தாள்,
அணைந்த பிறகும் நிறுத்தாமல்
நான்கு பாகை கூடுதலாகத் திருப்பினாள்.
"எதற்கு?" என்றேன்.
"எங்கள் ஆய்வகத்து வழக்கம். நினேல் திருப்பு என்பார்கள்.
நினேல் ஏதோ ஓர் ஊர் என்று நினைக்கிறேன்."

நான் திருத்தவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சீவல் என் மேசையறையில் இருக்கிறது.
இருபத்திரண்டு மைக்ரான், கை மீறிப்போன வேலை.
ஒரு மூலையில் கல்லே இல்லை;
அங்கே பார்த்தால் மறுபக்கம்
என் கட்டைவிரல் தெரிகிறது.